ஸ்டீம் டெக் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வந்தது. ஓஎல்இடி திரை வைத்த மாடல் 2023 நவம்பரில். கையில் எடுத்தால் வீடியோ கேம் கருவி மாதிரி இருக்கும். உள்ளே இருப்பதோ முழுக் கணினி. ஏஎம்டி சிப், 16 ஜிபி ரேம், ஆர்ச் லினக்ஸின் மேல் கட்டிய ஸ்டீம்ஓஎஸ். கணினிக்கு வரும் எல்லா நோயும் இதற்கும் வரும். ஆனால் முதல் வாரத்தில் வரும் புகார்களில் பெரும்பாலானவை நோயே இல்லை. வழக்கம் தெரியாததால் வரும் குழப்பம்.

கை வைப்பதற்கு முன் கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். அடியில் மின்சாரம். அதற்கு மேல் ஸ்டீம்ஓஎஸ். அதற்கு மேல் புரோட்டான், அதாவது விண்டோஸுக்கு எழுதிய கேமை லினக்ஸில் ஓட வைக்கும் இடைத்தரகர். உச்சியில் கேம். ஒரு கேம் மட்டும் ஓடவில்லை என்றால் சிஸ்டத்தைத் தொடாதீர்கள். எல்லாமே ஓடவில்லை என்றால் கேமைத் தோண்டாதீர்கள். எதற்கெடுத்தாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. அது கடைசியில்தான் வரும், இந்தக் கட்டுரையிலும்.

புதுசு, பெட்டியைப் பிரித்தாச்சு, பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை

கோளாறு இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பேட்டரி 'சேமிப்பு நிலை'யில் தூங்குகிறது. சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும். மேல் விளிம்பில் உள்ள யுஎஸ்பி-சி துளையில் கூடவே வந்த சார்ஜரைச் செருகி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். திரையில் லோகோ வரச் சில விநாடி ஆகும். அதற்குள் நாலு தடவை அழுத்தினால் ஆன் ஆகி ஆஃப் ஆகும், நீங்கள் கோளாறு என்று நினைப்பீர்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்ததா? சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். பிளக்கின் வடிவம்தான் பொருந்தாது. வடிவம் மாற்றும் சாதாரண அடாப்டர் போதும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம்.

நேற்று வரை ஓடியது, இன்று ஆன் ஆகவில்லை

இந்த வரிசையிலேயே போங்கள்.

1. பவர் பட்டனை 12 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உறைந்துபோன கருவி இதில் முழுதாக அணைந்துவிடும். கையை எடுத்து, 5 விநாடி விட்டு, ஒருமுறை அழுத்துங்கள். திரை கறுப்பாக, ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்த டெக்குகளில் பல இதிலேயே எழுந்துவிடும்.

2. சார்ஜரைச் செருகி அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அடியோடு காலியான பேட்டரி உடனே எழாது. துளைக்குப் பக்கத்தில் உள்ள சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் வேறு சார்ஜர், வேறு கேபிள். கேபிளைச் சந்தேகிக்க மறந்துவிடுவார்கள்; போன் சார்ஜ் ஆகிறது என்பதால் அந்தக் கேபிள் 45 வாட்டைத் தாங்கும் என்று பொருளில்லை.

3. ஏதோ ஒரு ஹப்பையோ பவர் பேங்க்கையோ செருகிய பிறகுதான் இப்படி ஆனது என்றால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒலிக்குறைப்பு பட்டனையும் மூன்று புள்ளி பட்டனையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். சார்ஜரும் டெக்கும் எத்தனை வோல்ட் என்று தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் குழம்பியிருந்தால், இது அதை அழித்துப் புதிதாகப் பேச வைக்கும். பிறகு அசல் சார்ஜரைச் செருகுங்கள்.

4. லோகோ வருகிறது, அதற்கு மேல் போகவில்லை என்றால் மின்சாரம் சரி, சிஸ்டம்தான் பிரச்சினை. அணைத்துவிட்டு, மூன்று புள்ளி பட்டனைப் பிடித்துக்கொண்டே பவரை அழுத்துங்கள். 'டிங்' ஒலி கேட்டதும் விடலாம். வரும் பட்டியலில் இப்போதைய சிஸ்டமும் அதற்கு முந்தையதும் இருக்கும். முந்தையதைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவது வழி பலருக்குத் தெரியாது; தெரிந்தால் பாதிப் பேர் தங்கள் சேவ் ஃபைல்களை இழந்திருக்க மாட்டார்கள். ஸ்டீம்ஓஎஸ் தன்னை இரண்டு பிரதிகளாக வைத்துக்கொள்கிறது. அப்டேட் வந்தால் நீங்கள் பயன்படுத்தாத பிரதியில்தான் எழுதும். அடுத்த முறை ஆன் ஆகும்போது அதற்கு மாறும். அப்டேட் பாதியில் கரன்ட் போனாலும் பழைய பிரதி அப்படியே இருக்கும். உள்ளே போனதும் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்' பக்கத்தில் அப்டேட் சேனல் 'ஸ்டேபிள்' என்று இருக்கிறதா பாருங்கள். 'பீட்டா', 'பிரிவியூ' இரண்டும் சோதனை ஆட்களுக்கானவை. புதிதாக வாங்கியவருக்கு அங்கே வேலை இல்லை.

முதல் அப்டேட் முடியவே மாட்டேன் என்கிறது, அல்லது வைஃபை பிடிக்கவில்லை

முதல் தடவை ஆன் செய்யும்போது மொழி, நேரம், வைஃபை கேட்டுவிட்டு உடனே அப்டேட் இறக்கும். அதை முடிக்காமல் உள்ளே விடாது. விடுதி, கல்லூரி, ஹோட்டல் வைஃபைகளில் உள்நுழைய ஒரு இணையப் பக்கம் திறக்குமே, அந்தப் பக்கத்தைக் காட்ட இந்தக் கட்டத்தில் வழியில்லை. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு முதல் அப்டேட்டை முடித்துவிடுங்கள். ஸ்டீம் கணக்கில் நுழையப் பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்; திரையில் வரும் கியூஆர் கட்டத்தைப் போனில் உள்ள ஸ்டீம் செயலியால் ஸ்கேன் செய்தால் போதும்.

வீட்டு வைஃபை பட்டியலில் தெரிகிறது, இணைகிறது, சிறிது நேரத்தில் அறுந்துபோகிறது என்றால் ரௌட்டரைப் பாருங்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் தனித்தனிப் பெயர் கொடுத்து 5-இல் மட்டும் இணைத்துப் பாருங்கள். 5-இன் பெயரே பட்டியலில் வரவில்லை என்றால் ரௌட்டரில் சேனலை 36 முதல் 48-க்குள் மாற்றுங்கள். ரேடாருக்கும் பொதுவான நடுச் சேனல்களை எல்லாக் கருவியும் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. எல்சிடி மாடலில் இருப்பது வைஃபை 5, ஓஎல்இடியில் 6இ. ஆகவே இரண்டையும் ஒரே ரௌட்டரில் வைத்து வேகத்தை ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம்.

இணைப்பு சரி, கேம் இறங்கும் வேகம் மட்டும் ஆமை என்றால், 'செட்டிங்ஸ்', 'டவுன்லோட்ஸ்' பக்கத்தில் டவுன்லோட் பகுதியை உங்களுக்கு அருகிலுள்ள நகரமாக மாற்றிப் பாருங்கள். கார்டில் இறக்குகிறீர்கள் என்றால் வேகத்துக்குக் கார்டே தடையாக இருக்கலாம்; அதைக் கீழே சொல்கிறோம்.

சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது, 'ஸ்லோ சார்ஜர்' என்கிறது, 90-இல் நின்றுவிட்டது

மூன்றும் வெவ்வேறு விஷயம்.

டெக் கேட்பது யுஎஸ்பி பவர் டெலிவரி முறையில் 15 வோல்ட், 3 ஆம்பியர், ஆக 45 வாட். போன் சார்ஜரின் பெட்டியில் 67 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம். அது அந்தப் போன் நிறுவனத்தின் சொந்த முறையாக இருந்தால், டெக்கிடம் பொது முறையில் பேசும்போது 10, 18 வாட் என்று இறங்கிவிடும். அப்போதுதான் 'ஸ்லோ சார்ஜர்' செய்தி வரும். கேம் ஓடும்போது டெக் 25 வாட் வரை தின்னும். 18 வாட் சார்ஜர் செருகியபடியே பேட்டரி இறங்குவது கணக்குப்படி சரிதான். யுஎஸ்பி-சியில் சார்ஜ் ஆகும் மடிக்கணினிகளின் 65 வாட் சார்ஜர்கள் பெரும்பாலும் நன்றாக ஒத்துப்போகும்.

செருகியே வைத்திருந்தால் 100-ஐத் தொட்ட பிறகு பேட்டரி மெல்ல 90 பக்கம் இறங்கி நிற்கும். பேட்டரியின் ஆயுளுக்காக வேண்டுமென்றே செய்யப்பட்டது. பெரும்பாலும் டிவியோடு இணைத்தே விளையாடுபவர்கள் 'செட்டிங்ஸ்', 'பவர்' பக்கத்தில் சார்ஜ் உச்சவரம்பை 80 ஆக வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி 2025-இல் வந்த ஸ்டீம்ஓஎஸ் 3.7-இல் சேர்ந்தது. பக்கத்தில் தெரியவில்லை என்றால் அப்டேட் செய்யவில்லை என்று அர்த்தம்.

'பிளே' அழுத்தினால் சுற்றிவிட்டுத் திரும்ப 'பிளே' என்றே நிற்கிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் கேமின் பக்கத்தில் உள்ள முத்திரையைப் பாருங்கள். பச்சை என்றால் 'வெரிஃபைட்', சோதித்தாகிவிட்டது. மஞ்சள் 'பிளேயபிள்': ஓடும், ஆனால் சிறிய எழுத்தோ, கையால் கீபோர்டு அழைப்பதோ ஏதாவது தொல்லை இருக்கும். மூன்றாவது 'அன்சப்போர்ட்டட்'. முத்திரையே இல்லாதவை யாரும் சோதிக்காதவை. அவற்றில் ஏராளமானவை பிரச்சினையே இல்லாமல் ஓடுகின்றன.

முதல் தடவை ஓட்டும்போது டைரக்ட்எக்ஸ் போன்ற துணைப் பொருள்களை நிறுவுவதும் ஷேடர்களை, அதாவது காட்சியை வரையும் சிறு நிரல்களைத் தயார் செய்வதும் நடக்கும். பெரிய கேமில் சில நிமிடம் கறுப்புத் திரை சகஜம். ஐந்து நிமிடம் பொறுத்தும் வரவில்லை என்றால் 'ஸ்டீம்' பட்டனோடு 'பி'யைச் சேர்த்து அழுத்திப் பிடித்து மூடிவிட்டு, இப்படிப் போங்கள்.

முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உள் சேமிப்பகத்தில் ஒன்றிரண்டு ஜிபிதான் மிச்சம் என்றால், கேம் எந்தக் காரணமும் சொல்லாமல் மூடிக்கொள்ளும். 64 ஜிபி மாடல் வைத்திருப்பவர்கள் இதையே முதல் சந்தேகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் இருந்தால், கேம் பக்கத்தில் பற்சக்கரப் படம், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'இன்ஸ்டால்ட் ஃபைல்ஸ்', 'வெரிஃபை'. இறங்கும்போது சேதமான ஃபைல்களை மட்டும் கண்டுபிடித்து மறுபடி இறக்கும். முழுதாக அழித்துவிட்டு 80 ஜிபியை மறுபடி இறக்குவதைவிட இது மேல்.

அதிலும் சரியாகவில்லை என்றால் புரோட்டானை மாற்றுங்கள். அதே 'ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே 'கம்பேட்டிபிலிட்டி'. குறிப்பிட்ட கருவியைக் கட்டாயப்படுத்து என்ற கட்டத்தை டிக் செய்தால் பட்டியல் திறக்கும். புதிய கேம் என்றால் 'புரோட்டான் எக்ஸ்பெரிமென்ட்டல்'. ஓடிக்கொண்டிருந்த பழைய கேம் திடீரென நின்றது என்றால் எதிர்த்திசையில் போங்கள்: 9, 8 என்று பழைய பதிப்புகள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மூன்று விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது.

லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு உள்ள கேம்களில் ஒரு வேடிக்கை உண்டு. பல நிறுவனங்கள் அந்தப் பதிப்பை ஒருமுறை வெளியிட்டதோடு மறந்துவிட்டன. விண்டோஸ் பதிப்புக்கு மட்டும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட கேமில் புரோட்டானைக் கட்டாயப்படுத்தினால் ஸ்டீம் விண்டோஸ் பதிப்பை இறக்கிக்கொள்ளும், அது பெரும்பாலும் சொந்த லினக்ஸ் பதிப்பைவிட நன்றாக ஓடும்.

கடைசியாக, ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் ஒரு போலி 'சி டிரைவ்' கட்டி வைத்திருக்கிறது. அது கெட்டுப்போயிருந்தால் அதை அழிக்க வேண்டும். கிளவுடில் சேமிக்காத கேம்களின் சேவ் ஃபைல்கள் அதற்குள்ளேதான் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். கேம் பக்கத்தில் கிளவுட் நிலை 'அப் டு டேட்' என்று காட்டுகிறதா பார்த்துவிட்டே தொடுங்கள். இல்லையென்றால் டெஸ்க்டாப் நிலையில், அதாவது சாதாரணக் கணினி மாதிரித் திரையில், அந்த ஃபோல்டரைப் பிரதி எடுத்து வையுங்கள்.

கேம் திறக்கிறது, ஆனால் ஏதோ சின்ன ஜன்னலில் மாட்டிக்கொண்டது

பெரிய நிறுவனங்கள் சில, கேமுக்கு முன்னால் தங்கள் சொந்த லாஞ்சரை, அதாவது கேமைத் திறந்துவிடும் தனிச் செயலியை, நிறுத்தி வைத்திருக்கின்றன. அது மவுஸுக்கு எழுதப்பட்டது. உங்கள் ஜாய்ஸ்டிக்கை மதிக்காது. 'ஸ்டீம்' பட்டனைப் பிடித்தபடி வலது டிராக்பேடைத் தடவினால் மவுஸ், கூடவே ஆர்2 அழுத்தினால் கிளிக். 'ஸ்டீம்' பட்டனும் 'எக்ஸ்'ஸும் சேர்ந்தால் திரையில் கீபோர்டு வரும். ஒருமுறை உள்நுழைந்து நினைவில் வை என்று டிக் செய்துவிட்டால் பெரும்பாலும் மறுபடி கேட்காது. 'ஸ்டீம்' பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தால் எல்லாக் குறுக்குவழிகளும் திரையில் தெரியும். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கேம் ஓடுகிறது, ஆன்லைனில் மட்டும் வெளியே தள்ளுகிறது

இங்கே உங்கள் கையில் எதுவும் இல்லை. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் மென்பொருள்தான் காரணம். ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதல் புரோட்டானில் ஓடக்கூடியவை. ஆனால் அதை அனுமதிப்பது கேமை எழுதியவர்களின் விருப்பம். ஃபோர்ட்நைட் அனுமதிக்கவில்லை. வேலரன்ட்டின் வேன்கார்டு விண்டோஸின் அடிமட்டத்தில் உட்காருவது, லினக்ஸுக்கு வராது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முதலில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைன் அதே ஆண்டு செப்டம்பரில் போனது. தனி ஆட்டம் மட்டும் ஓடும். இவற்றைக் குறுக்குவழியில் ஓட வைக்கிறேன் என்று யாராவது வீடியோ போட்டிருந்தால் பார்க்காதீர்கள். கணக்கு முடக்கப்பட்டால் மீட்பது கடினம். நண்பர்களோடு ஆட இந்தக் கேம்கள்தான் முக்கியம் என்றால் வாங்கும் முன்பே விண்டோஸ் வைத்த கையடக்கக் கணினியைப் பார்ப்பது நல்லது.

வீடியோக் காட்சி வரும் இடத்தில் வண்ணப் பட்டைகள்

பழைய டிவியில் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் வருமே, அதே பட்டைகள். கேமுக்குள் இருக்கும் வீடியோவின் வடிவம் உரிமம் சம்பந்தப்பட்டது என்பதால் வால்வ் அதை வேறு வடிவத்துக்கு மாற்றி, ஷேடர் தொகுப்போடு சேர்த்து அனுப்புகிறது. இடம் மிச்சம் பிடிக்க ஷேடர் முன்-தயாரிப்பை அணைத்தவர்களுக்கு அந்த வீடியோவும் வராது. 'டவுன்லோட்ஸ்' பக்கத்தில் அதை மறுபடி ஆன் செய்யுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் டெஸ்க்டாப் நிலைக்குப் போய், 'டிஸ்கவர்' கடையில் 'புரோட்டான்அப்-கியூடி' நிறுவி, அதன் வழியாக 'ஜிஇ-புரோட்டான்' (வால்வுக்கு வெளியே உருவாக்கிய புரோட்டான் பதிப்பு) இறக்கி, ஸ்டீமை மறுபடி தொடங்கி, 'கம்பேட்டிபிலிட்டி' பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாக் கேமும் திடீரென்று திணறுகிறது

மூன்று புள்ளி பட்டன், பேட்டரிப் படம். அங்கே செயல்திறன் காட்டியை 4-க்கு வையுங்கள். திரை மூலையில் எண்கள் ஓடும். எண்ணைப் பார்க்காமல் அமைப்புகளை மாற்றுவது இருட்டில் ஊசி கோர்ப்பது.

முதல் சந்தேகம் டிடிபி வரம்பு, அதாவது சிப் எத்தனை வாட் எடுக்கலாம் என்ற உச்சவரம்பு. சிப் 15 வாட் வரை எடுக்கும். ஏதோ ஒரு சின்ன 2டி கேமுக்காக அதை 5-க்கு இறக்கியிருப்பீர்கள். 'கேமுக்குத் தனி ப்ரொஃபைல்' என்பதை ஆன் செய்யாமல் இறக்கியதால் அது எல்லாக் கேமுக்கும் ஒட்டிக்கொண்டது. அதே பக்கத்தின் அடியில் இயல்புநிலைக்குத் திருப்பும் பட்டன் இருக்கிறது, அழுத்துங்கள். இனிமேல் முதலில் தனி ப்ரொஃபைல், பிறகு மாற்றம்.

அது இல்லை என்றால் காட்டியில் சிபியு 400 மெகாஹெர்ட்ஸிலும் ஜிபியு 200-இலும் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். பேட்டரி அடியோடு காலியான பிறகோ, ஒத்துவராத சார்ஜரைச் செருகிய பிறகோ சில சமயம் சிப் இப்படிப் பயந்து உட்கார்ந்துவிடும். சாதாரண ரீஸ்டார்ட்டில் தெளியாது. அணைத்துவிட்டு, ஒலிக்கூட்டு பட்டனைப் பிடித்தபடி பவரை அழுத்தி பயாஸுக்குள் (சிஸ்டம் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். 'பவர்' பகுதியில் பேட்டரி சேமிப்பு நிலையைத் தேர்ந்தெடுத்தால் முழுதாக அணைந்துவிடும். சார்ஜரைச் செருகி எழுப்புங்கள். பயாஸில் இருக்கும்போது வேறெதையும் தொட வேண்டாம். கிராபிக்ஸுக்கு 4 ஜிபி ஒதுக்கினால் வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள். சில கேம்களில் லேசாக உதவும், சிலவற்றில் ரேம் போதாமல் கேம் விழும். தொடங்கும்போதே அதைச் செய்யத் தேவையில்லை.

மூன்றாவது, சூடு. டெக் நன்றாக ஓட வெளிவெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது வால்வ். சிப் 100 டிகிரியில் தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும், 105-இல் தானே அணைந்துவிடும். ஆகவே காட்டியில் 85, 90 என்று பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத மாடியறையில் 35 என்பது எளிதில் தாண்டிவிடும் எண். அப்போது டிடிபியை 10, 11-க்கு வையுங்கள். பல கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. காற்றை உள்ளிழுக்கும் துளைகள் முதுகில், வெளியேற்றும் துளை மேல் விளிம்பில். மெத்தையில் படுக்க வைத்து விளையாடினால் இரண்டில் ஒன்று கண்டிப்பாக அடைபடும்.

ஒரு குறிப்பிட்ட கேம் மட்டும் கனமாக இருக்கிறது. பேட்டரி ஒன்றரை மணி நேரம்கூட வரவில்லை

இரண்டும் ஒரே கேள்வி. எல்சிடி மாடலின் பேட்டரி 40 வாட்-மணி. கருவி மொத்தமாக 25 வாட் எடுத்தால் 1.6 மணி நேரம், அவ்வளவுதான். ஓஎல்இடியில் 50 வாட்-மணி, சிப்பும் கொஞ்சம் சிக்கனம், அதனால் கூடுதலாக வரும். நேரத்தைக் கூட்ட ஒரே வழி வாட்டைக் குறைப்பது. வாட்டைக் குறைக்க நல்ல வழி ஃபிரேமைக் கட்டுப்படுத்துவது.

60 வராத கேமை 30-க்கு இறக்குவதுதான் வழக்கம். 40 என்பதை முயன்று பாருங்கள். 30 ஃபிரேமில் ஒவ்வொரு படமும் 33.3 மில்லிவிநாடி நிற்கும், 60-இல் 16.7. இரண்டுக்கும் சரியான நடு 25 மில்லிவிநாடி, அதுதான் 40. பத்து ஃபிரேம்தான் கூடுதல், கண்ணுக்கு வரும் மென்மையோ பாதி வழி. எல்சிடியில் ஃபிரேம் வரம்பை 40-க்கு நகர்த்தினால் திரையின் வேகமும் 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கிக்கொள்ளும். ஓஎல்இடி 90 ஹெர்ட்ஸ் திரை. அதில் 45 அழகாகப் பொருந்தும்.

கேமுக்குள் நிழல், பிரதிபலிப்பு இரண்டையும் முதலில் குறையுங்கள்; 7 அங்குலத் திரையில் அவற்றின் அருமை தெரியாது. மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள எஃப்எஸ்ஆர் (சிறிய படத்தைத் திரையளவுக்குப் பெரிதாக்கும் வசதி) ஆன் செய்தும் மாற்றமே இல்லை என்று சொல்பவர்கள் ஒன்றை விட்டிருப்பார்கள்: கேமுக்குள் தெளிவுத்திறனைத் திரையின் 1280×800-க்குக் கீழே, 960×600 போல இறக்கினால்தான் அது பெரிதாக்க ஏதாவது இருக்கும்.

கார்டு தெரியவில்லை, கார்டில் உள்ள கேம் இழுக்கிறது

மைக்ரோஎஸ்டி துளை கீழ் விளிம்பில். புதுக் கார்டை 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்' பக்கத்திலேயே ஃபார்மட் செய்யுங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் ஆவதால் பிறகு விண்டோஸ் கணினியில் செருகினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். ஆம் என்றால் கேமெல்லாம் போச்சு. ஃபார்மட் பாதியில் மறுபடி மறுபடி தோற்றால் கார்டு போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். 1 டிபி என்று எழுதி 64 ஜிபி மட்டும் உள்ளே இருக்கும் கார்டுகள் சந்தையில் நிறைய. டெக் அதிகபட்சம் யுஎச்எஸ்-1 வேகம், விநாடிக்கு 104 எம்பி வரைதான் பேசும்; அதற்கு மேல் வேகமுள்ள கார்டுக்குக் காசு கொடுப்பது வீண். யு3, ஏ2 என்று குறி போட்டது போதும். திறந்த உலகக் கேம்கள் உள் சேமிப்பகத்தில், சின்னவை கார்டில்.

கேமெல்லாம் கார்டில்தான் இருக்கிறது, ஆனாலும் உள் சேமிப்பகத்தில் 'மற்றவை' என்று 20 ஜிபி காட்டுகிறதா? ஷேடர்களும், நீங்கள் எப்போதோ நீக்கிய கேம்களின் போலி 'சி டிரைவ்'களும் அங்கே குவிந்திருக்கின்றன. கேமை நீக்கினால் அது சேர்ந்து போவதில்லை.

ஜாய்ஸ்டிக் தானாக நகர்கிறது. பட்டன் எதுவும் கேட்கவில்லை

'செட்டிங்ஸ்', 'கன்ட்ரோலர்' பக்கத்தில் சோதனைத் திரை இருக்கிறது. அங்கேயும் நகர்ந்தால் கருவி. அங்கே அசையாமல் கேமில் மட்டும் நகர்ந்தால் கேமின் அமைப்பு. கருவி என்றால் அதே பக்கத்தில் அசைவற்ற எல்லையை ('டெட்ஸோன்') கொஞ்சம் கூட்டுங்கள். கேமில் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் கேம் பக்கத்தில் கன்ட்ரோலர் படத்தைத் திறந்து 'கேம்பேட்' வகை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய கேம்களுக்குக் கீபோர்டு-மவுஸ் அமைப்பு வந்து உட்கார்ந்திருக்கும். டெஸ்க்டாப் நிலையில் கீபோர்டு வரவில்லை என்பவர்கள் ஸ்டீமை மூடியிருப்பார்கள். ஸ்டீம் ஓடினால்தான் அந்தக் கீபோர்டு வரும்.

டிவியில் படம் வரவில்லை

எல்லா யுஎஸ்பி-சி ஹப்பும் படம் அனுப்பாது. ஹெச்டிஎம்ஐ துளையும் 'பவர் டெலிவரி' என்று எழுதிய சார்ஜ் துளையும் உள்ளது வேண்டும். ஹப் தன் பங்குக்குச் சில வாட் எடுத்துக்கொள்ளும், அதனால் ஹப்பின் பின்னால் 65 வாட் சார்ஜர் வையுங்கள். இணைக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் சார்ஜர் ஹப்பில், பிறகு ஹெச்டிஎம்ஐ, கடைசியாக டெக். படம் வந்து மங்கலாக இருந்தால் கேம் இன்னும் 800 வரிகளிலேயே ஓடுகிறது. 'ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே கேம் ரெசல்யூஷனை 'நேட்டிவ்' ஆக்குங்கள். 4கே டிவியில் அப்படிச் செய்தால் டெக் மூச்சுத் திணறும், 1920×1080 போதும். ஒலி டெக்கிலிருந்தே வந்தால் மூன்று புள்ளிப் பட்டியலில் ஒலி வெளியீட்டை மாற்றுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை

இப்போது மறுநிறுவல். வால்வ் தளத்திலிருந்து மீட்புக் கோப்பை வேறொரு கணினியில் இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேலுள்ள பென்டிரைவில் விண்டோஸ் என்றால் ரூஃபஸ், மற்றவற்றில் பலேனா எட்சர் கொண்டு எழுதுங்கள். டெக்கை அணைத்து, பென்டிரைவை ஹப் வழியாகச் செருகி, ஒலிக்குறைப்பு பட்டனைப் பிடித்தபடி பவரை அழுத்துங்கள். ஒலி கேட்டதும் விட்டால் பட்டியல் வரும், பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும், பொறுங்கள்.

வரும் டெஸ்க்டாப்பில் இரண்டு தேர்வுகள் முக்கியம். 'ரீஇன்ஸ்டால்' என்பது சிஸ்டத்தை மட்டும் மாற்றும், கேமும் கணக்கும் இருக்கும். 'ரீஇமேஜ்' எல்லாவற்றையும் துடைத்துவிடும். முதலாவதை முயலாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள்.

மறுநிறுவலுக்குப் பிறகும் அதே அறிகுறி என்றால் வன்பொருள். ஸ்டீம் சப்போர்ட்டில் புகார் பதிவு செய்யுங்கள். எந்த வரிசையில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதினால் அதையே மறுபடி செய்யச் சொல்லி நாலு நாள் இழுக்காது. வால்வ் நேரடியாக விற்கும் நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் இல்லாததால், இடைத்தரகரிடம் வாங்கியவர்களுக்கு அந்த விற்பனையாளரின் வாக்குறுதிதான் உத்தரவாதம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நீங்களே திறப்பதானால் முதுகில் 8 திருகுகள்: எல்சிடியில் ஃபிலிப்ஸ், ஓஎல்இடியில் டி6 டார்க்ஸ். திறக்கும் முன் பேட்டரியைச் சேமிப்பு நிலைக்கு அனுப்புங்கள். அதற்கும் முன்னால் மைக்ரோஎஸ்டி கார்டை வெளியே எடுங்கள். உள்ளே விட்டு மூடியை நெம்பினால் கார்டு இரண்டாக உடையும், கேம்களும் அதோடு போகும்.